பொதியில் ஏறாத வளைவு

ஷைலாவுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் அவள் மாமியார் கித்தேரியம்மாள், "கம்ப்யூட்டர்ல மூட்டை கட்டுறா" என்பாள். கேலியாகச் சொல்வதில்லை. அந்த அம்மாளுக்கு விளங்கியது அவ்வளவு; அதில் பெரிய பிழையும் கிடையாது.

கொடைக்கானலில், ஏரியிலிருந்து மேலேறும் சாலையில், ஒரு பழைய பங்களாவின் கார் கொட்டகையைப் பலகை வைத்துத் தடுத்து அலுவலகமாக்கியிருந்தார்கள். பெயர் மலைத்தடம். மேல்மலை, கீழ்மலை இரண்டிலும் ஓடுகிற ஜீப்புகளுக்குப் பாதை காட்டும் செயலி அங்கேதான் தயாரானது. எங்கே மண் சரிந்திருக்கிறது, எந்தப் பாலம் ஆட்டம் கண்டிருக்கிறது, எந்த எஸ்டேட் கேட் பூட்டிக் கிடக்கிறது, எல்லாம் அதில் தெரியும். போகக்கூடாத இடம் சிவப்பு. டவர் இல்லாத காட்டுக்குள்ளும் போனில் திறக்கும் என்பதுதான் அதன் பெருமை.

அந்தச் செயலியின் கோப்புகள் அத்தனையும் ரெப்போ எனப்படும் ஓர் இடத்தில் அடுக்கடுக்காக இருந்தன. யார், எதை, எப்போது மாற்றினார்கள் என்ற கதை முழுக்க அங்கே உண்டு. ஒரு மாற்றத்தை எழுதி, சரிபார்த்து, இனி இது நிற்கும் என்று உள்ளே சேர்ப்பதற்கு கமிட் என்று பேர். கமிட் ஆனவற்றை மட்டும், பழைய கதையெல்லாம் விட்டுவிட்டு, இன்றைய நிலையில் ஒரே ஜிப் கோப்பாகத் திரட்டித் தருவது ஷைலாவின் வேலை. பூண்டும் காரட்டும் மூட்டைகளாக இறங்கும் ஊர் என்பதால் அந்த ஜிப்புக்கு அலுவலகத்தில் பொதி என்றே பெயர் விழுந்துவிட்டது.

அதை வேறு யாரும் கட்டக்கூடாது என்று ஆனதற்கும் காரணம் உண்டு. முன்பு ஒருவன் அவசரத்தில் போல்டரையே அப்படியே அமுக்கி ஜிப்பாக்கி அனுப்பிவிட்டான். மறைந்து கிடந்த வரலாறெல்லாம் சேர்ந்தே போய், மேல்மலைப் பூண்டி ஊர் டிரைவர்களின் போன்கள் மூச்சு முட்டி நின்றன. "என்னம்மா, மாப்பிள்ளைய அனுப்பச் சொன்னா கல்யாண வீட்டையே அனுப்பிட்டீங்க" என்று அங்கிருந்து ஒருவர் போன் போட்டார். அன்றிலிருந்து ரெப்போவுக்குள்ளிருந்து கட்டளை கொடுத்து எடுக்கிற பொதி மட்டும்தான் வெளியே போகும். அதுவும் ஷைலா கையால்.

மழைக்காலத்தில் நெட் என்பது வந்தால் உண்டு. அதனால் பொதியைப் பென்டிரைவில் ஏற்றி, ரொட்டி வந்த பாலிதீன் உறையில் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு, தாண்டிக்குடிக்குப் போகிற பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவாள். அங்கே ஷர்மிளாவின் மொபைல் கடையில் அதை டிரைவர்களின் போன்களுக்கு மாற்றிக் கொடுப்பார்கள்.

ஷைலாவின் அப்பா ஒரு மிஷன் பள்ளி விடுதியில் சமையல்காரராக இருந்தவர். அவள் டவுனிலேயே கம்ப்யூட்டர் படித்து, ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் கன்னம் வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். மலைத்தடத்துக்கு வந்த பிறகுதான் சிரிக்காமலும் சம்பளம் வாங்கலாம் என்று கண்டுகொண்டாள். அவளை யாரும் பார்க்காத வேலை. அது அவளுக்குப் பிடித்திருந்தது. அவள் கணவன் அருள்பிரகாஷ் ஜீப் டிரைவர். காப்பிப் பழம் எடுக்கிற காலத்தில் தாண்டிக்குடியிலேயே தங்கி, காலையில் வேலையாட்களைத் தோட்டங்களுக்கு ஏற்றிப்போய் மாலையில் இறக்குவான். சனிக்கிழமை வீட்டுக்கு வருவான். ஜீப் ஸ்டாண்டில் போனைத் தூக்கிக் காட்டி, "எம் பொண்டாட்டி போட்ட ரோடு, பாத்துக்கங்க" என்று அவன் பீற்றிக்கொள்வதை ஷர்மிளா சொல்லி ஷைலா கேட்டிருக்கிறாள். வெட்கமாக இருந்தது. இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

மலைத்தடத்தில் ஒரு பழக்கம் இருந்தது. மழைக்காலத்து இடி கொடைக்கானலில் மின்சாரக் கம்பி வழியே வீட்டுக்குள் வரும். இரண்டு மோடமும் ஒரு கம்ப்யூட்டரும் கருகிய பிறகு, முதல் உறுமல் கேட்டதுமே எல்லாரும் எழுந்து ஒயரைப் பிடுங்கிவிடுவார்கள். பிடுங்குகிற பதற்றத்தில் பாதி எழுதியதை அப்படியே கமிட் செய்துவிட்டு ஓடுவதும் நடந்தது. ஒருமுறை அரை வரியோடு பொதி போய், செயலி திறக்கவே மாட்டேன் என்றது. அப்போது ஷைலாதான் ஒரு விதி போட்டாள்: இடி கேட்டால் கமிட் கூடாது. கையிலிருக்கிற வேலையை ஸ்டாஷ் போட வேண்டும். எழுதியதைச் சுருட்டிப் பரண்மேல் வைக்கிற மாதிரி அது. மேசை துடைத்துவிட்டதுபோல் சுத்தமாகிவிடும், வேலை எங்கும் போகாது, பிறகு எடுத்து விரித்துக்கொள்ளலாம். நல்ல விதி. யாரும் குறை சொல்லவில்லை.

அந்தப் புதன்கிழமை மத்தியானம் வானம் இருண்டபோது பாதைகளைக் குறிக்கிற மெஷினில் குமரகுரு உட்கார்ந்திருந்தான். ஷைலாவைவிட இளையவன், அக்கா என்று கூப்பிடுகிறவன். ஷைலா தபால் அலுவலகம் வரை போயிருந்தாள். திரும்புவதற்குள் இடி இறங்கி, ஒயர்கள் பிடுங்கப்பட்டு, குமரகுரு மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வர ஓடியிருந்தான். கொஞ்ச நேரத்தில் மழை விட்டு, கரண்டும் வந்தது. வியாழக்கிழமை கட்ட வேண்டிய பொதிதான். ஆனாலும் நாளைக்கு என்ன மழையோ என்று நினைத்தாள். சாயங்காலப் பஸ் இன்னும் போயிருக்கவில்லை.

கட்டுவதற்கு முன்னால் எப்போதும் செய்கிற சோதனையைச் செய்தாள். கமிட் ஆகாமல் ஏதாவது தொங்குகிறதா என்று மெஷினைக் கேட்டாள். ஒன்றுமில்லை, எல்லாம் சுத்தம் என்று அது சொன்னது. பொதி கட்டினாள். பஸ்ஸில் ஏற்றினாள்.

அன்று ராத்திரி அருள்பிரகாஷ் கூப்பிட்டான்.

"ஏ ஷைலா, பொதி வந்து சேந்துருச்சு. நாளைக்கு மேல்தோட்டத்துக்கு ஆளு ஏத்தணும். சுத்திப் போனா பாதி நாளு போயிரும். குருசடி வழி எப்பிடி?"

அவள் தன் போனில் பார்த்தாள். ஓடைப் பாலத்தோடு திரும்புகிற குருசடி வளைவு பச்சையாக இருந்தது.

"செவப்பு இல்லைங்க. போங்க."

"அவ்வளவுதான? ஒம் வாயால வந்தா சரி."

காலையில் குமரகுரு முடியில் பனி ஈரத்தோடு வந்து உட்கார்ந்தான். ஷைலா இரண்டு டம்ளரில் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நேத்து ஸ்டாஷ்ல போட்டதை எடுத்துக்கிறேன். இன்னிக்குப் பொதி கட்டுறதுக்கு முன்னாடி கமிட் பண்ணிருவேன்."

"பொதி நேத்தே போயிருச்சேடா."

"போயிருச்சா?" அவன் திரும்பினான். "நேத்தா? நீங்க இன்னிக்குத்தான கட்டுவீங்க?"

"கரண்டு வந்துச்சு, கட்டிட்டேன். ஒண்ணும் தொங்கலைன்னு காட்டுச்சே."

குமரகுரு ஸ்டாஷைப் பிரித்தான். திரையில் ஒரே ஒரு வரி விரிந்திருந்தது. புதிதாகச் சேர்த்த வரி என்பதால் முன்னால் கூட்டல் குறியோடு பச்சை எழுத்தில் இருந்தது. ஷைலா டம்ளரோடு வந்து குனிந்து படித்தாள். குருசடி வளைவு. பாலத்துக்கு அடியில் மண் இல்லை. மேலே தார் மட்டும் நிற்கிறது. எந்த வண்டியும் போகக்கூடாது.

படித்தாள். திரும்பவும் முதலிலிருந்து படித்தாள். அந்த எழுத்துகள் எல்லாம் அவளுக்குத் தெரிந்த எழுத்துகளாகத்தான் இருந்தன. ஆனால் அவை ஒன்றோடொன்று சேர்ந்து சொன்னது தலைக்குள் ஏறாமல் வாசலிலேயே நின்றது.

"யாரு சொன்னா இதை?"

"தோட்டத்து வாட்ச்மேன். நேத்து மத்தியானம் போன் பண்ணாரு. மேல இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாதாம்க்கா, கீழ ஓடையில எறங்குனாத்தான் தெரியுதாம். எழுதிக்கிட்டே இருக்கேன், இடி விழுந்துச்சு. நீங்க சொன்ன மாதிரி ஸ்டாஷ் போட்டுட்டு..."

நீங்க சொன்ன மாதிரி. ஷைலா நேற்றைய ஜிப்பைத் திறந்து உள்ளே தேடினாள். குருசடி என்று அடித்தாள். வளைவின் பெயர் இருந்தது. அதன் பக்கத்தில் பழைய குறிப்பு: வழி சரி.

மெஷின் பொய் சொல்லவில்லை. மேசை சுத்தமாகத்தான் இருந்தது. பரண்மேல் என்ன இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை.

"அக்கா, அந்த வழியா இன்னிக்கு யாரும் போகப் போறதில்ல..." என்று தொடங்கிய குமரகுரு அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

அருளின் எண்ணுக்கு அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி அடித்தாள். அந்தப் பெண் குரல் எந்த அவசரமும் இல்லாமல் அதையே சொன்னது. ஷர்மிளாவை அழைத்தாள்.

"அருள் அண்ணனா? வெள்ளனே போயிட்டாங்கக்கா. வண்டி நெறைய ஆளு. பின்னாடியே செல்லப்பாண்டி மாமா வண்டியும் போச்சு. அவருக்கு ஏது இந்தப் போனெல்லாம், அருள் போனா நானும் போவேன்னு சொல்லிட்டுப் போனாரு. ஏன்க்கா?"

"எந்தப் பக்கம் போனாங்க?"

"குருசடிப் பக்கந்தான். அக்கா? ஏன்க்கா பேச மாட்டேங்கறீங்க?"

குமரகுரு போனை வாங்கி, யாராவது பைக்கில் போய் நிறுத்த முடியுமா என்று கத்தினான். சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து அலுவலகத் தலைவர் பரமானந்தம் வந்தார். என்ன நடந்தது என்று குமரகுரு சொன்னபோது அவர் பக்கத்திலிருந்த நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். எப்போதும் மூடவே மூடாத கழிப்பறைக் குழாய் சொட்டுகிற சத்தம் அன்றைக்குத்தான் ஷைலாவுக்குக் கேட்டது. அவள் ஜெபம் சொல்ல நினைத்தாள். சிறு வயதிலிருந்து சொல்கிற ஜெபத்தின் முதல் சொல் ஞாபகம் வரவில்லை.

போன் அதிர்ந்தது. அருள்.

"என்ன புள்ள, இத்தன தடவ அடிச்சிருக்க? இப்பத்தான் மேடேறி டவர் கெடச்சுது."

"எங்க இருக்கீங்க?"

"மேல்தோட்டத்துல. ஆளெல்லாம் எறக்கிட்டேன்."

"குருசடி?"

"அதைத் தாண்டித்தான வந்தேன். நீதான போகச் சொன்ன."

ஷைலா தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியாத ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. கடந்துவிட்டான். கடந்துவிட்டான். பரமானந்தமும் குமரகுருவும் அவள் முகத்தைப் பார்த்தே மூச்சு விட்டார்கள்.

"திரும்பி அந்த வழியா வராதீங்க. கேக்குதா? அந்தப் பாலத்துக்கு அடியில மண்ணு இல்ல. நேத்தே தகவல் வந்துருச்சு. பொதியில ஏறல. என்னாலதான் ஏறல."

மறுமுனையில் காற்று மட்டும்.

"ஏங்க?"

"செல்லப்பாண்டி மாமா பின்னாடியேதான் வந்தாரு" என்றான் அருள், மெல்ல. "நான் ஆளு எறக்கி முடிச்சிட்டேன். இன்னும் காணோம்."

பிறகு அவன் ஓடத் தொடங்கினான். போனை அணைக்காமல் சட்டைப் பையில் போட்டிருக்க வேண்டும். துணி உரசுகிற சத்தம், ஈரச் சருகில் செருப்பு வழுக்குகிற சத்தம், அவன் மூச்சு. ஷைலா அந்த மூச்சை இத்தனை அருகில் கேட்டதே இல்லைபோல இருந்தது. சரிவில் ஓடுகிறான், திரும்புகிறான், நிற்கிறான்.

"மாமா!"

ஒரே ஒரு தடவைதான் கத்தினான். அதற்குப் பிறகு பல குரல்கள், பெண்களின் குரல்கள், ஒன்றின்மேல் ஒன்று. அவற்றில் சொல் எதுவும் இல்லை. அப்புறம் டவர் போய்விட்டது.

யாரும் சாகவில்லை என்று தெரிய நெடுநேரம் ஆனது. அருளின் ஜீப் கடந்தபோதே தார் விரிசல் விட்டிருக்கிறது. பின்னால் வந்த ஜீப்பின் பின்சக்கரம் அதற்குள் இறங்கி, வண்டி ஓடைப் பக்கம் சாய்ந்து, ஒரு சில்வர் ஓக் மரத்தில் மோதி நின்றுவிட்டது. செல்லப்பாண்டிக்குத் தோள் எலும்பு முறிவு. குப்பம்மாளுக்குத் தொடை எலும்பு. காப்பிப் பழம் எடுக்கப் போகிறவள் அவள். மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிறார்கள் என்று ஷர்மிளா சொன்னாள்.

ஷைலா எழுந்து அந்த ஒரு வரியை கமிட் செய்தாள். பொதி கட்டினாள். ஜிப்பைத் திறந்து, குருசடி என்று தேடி, வரியைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மூடினாள். குமரகுரு பென்டிரைவை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினான்.

"ஷைலா" என்றார் பரமானந்தம். கெட்ட மனிதர் இல்லை அவர். இரவெல்லாம் கண் விழித்து இந்தச் செயலியைத் தொடங்கியவர். "ஆஸ்பத்திரிக்கு நானும் வரேன். ஆனா அங்க போய் எதுவும் அவசரப்பட்டுச் சொல்ல வேணாம். தகவல் நமக்கு லேட்டா வந்துச்சுன்னு இருக்கட்டும். இல்லேன்னா நாளைக்கு ஒரு டிரைவர்கூட இதைத் தொட மாட்டான். அது இன்னும் ஆபத்தும்மா."

அவர் சொன்னதில் நியாயம் இருப்பதுபோலத்தான் இருந்தது. அவள் தலையாட்டினாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் டெட்டால் வாசனைக்கு மேல் ஈரக் கம்பளி வாசனை. செல்லப்பாண்டி பெஞ்சில் கையைத் தூளிபோல் கழுத்தில் கட்டி உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் செம்மண். அவர் முன்னால் நின்று கத்திக்கொண்டிருந்தவர் அந்த ஜீப்பின் சொந்தக்காரர் மனோஜ்குமார்.

"கண்ணை எங்கய்யா வச்சிருந்த? முன்னாடி போனவன் போயிட்டான்ல? அதே ரோடு, அதே நேரம். அவன் வண்டி போகுது, ஒன் வண்டி எறங்குதுன்னா என்ன அர்த்தம்? வயசாச்சுன்னா வீட்ல கெட."

குப்பம்மாளின் மகள் சுவரோரம் குந்தியிருந்தாள். அழுது ஓய்ந்த முகம். "எங்கம்மா நடந்துதான் கஞ்சி குடிக்கணும். அவள நொண்டியாக்கிட்டியே, நல்லாருப்பியா" என்றாள், செல்லப்பாண்டியைப் பார்க்காமலே.

செல்லப்பாண்டி ஷைலாவைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"வா தாயி. அருளு நல்லாருக்கான், ஒண்ணுமில்ல, பயப்படாத." அவர் குரல் தேய்ந்துபோயிருந்தது. "எனக்குத்தான் என்ன ஆச்சுன்னு புரியல. அவன் போன தடத்துலயேதான் போனேன்னு நெனைக்கேன். ஓரமா ஒடிச்சிட்டேன் போல. கை நடுங்கிருச்சோ என்னவோ. இத்தன காலம் ஒரு உசுருக்கு ஒரு கீறல் விழுந்ததில்ல. இனிமே ஸ்டீரிங்கத் தொட மாட்டேன். அந்தப் புள்ளைக்கு என்ன பதில் சொல்லுவேன் நான்?"

ஷைலா திட்டு வாங்குவதற்குத் தயாராகித்தான் வந்திருந்தாள். இதற்குத் தயாராகவில்லை. தன் கணவன் பத்திரமாகக் கடந்ததே இந்த மனிதருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பரமானந்தம் அவள் தோளுக்குப் பின்னால் மெல்ல இருமினார்.

"மாமா, நீங்க ஒடிக்கல" என்றாள்.

"ஷைலா" என்றார் பரமானந்தம்.

"அந்தப் பாலத்துக்கு அடியில மண்ணே இல்ல. மேல தாரு மட்டுந்தான் நின்னுச்சு. எங்க வீட்டுக்காரரு வண்டி போனதுல அது விட்டுருச்சு. அடுத்தது யாரு வந்திருந்தாலும் எறங்கிருக்கும். நேத்து மத்தியானமே எங்களுக்குத் தெரியும். எழுதி வச்சிருந்தோம். எழுதுனதை உள்ள சேக்கறதுக்கு முன்னாடி நான் பொதி கட்டி அனுப்பிட்டேன். பாக்க வேண்டிய எடத்துல பாக்கல. அவரு கேட்டப்ப நான்தான் செவப்பு இல்ல போங்கன்னு சொன்னேன்."

மனோஜ்குமாரின் வாய் திறந்தபடி நின்றது. குப்பம்மாளின் மகள் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையை ஷைலா தாங்கிக்கொண்டாள். இனி என்ன வந்தாலும் வரட்டும் என்று நின்றாள்.

செல்லப்பாண்டி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள். அவர் உதடு கோணி, செம்மண் காய்ந்த கன்னத்தில் கண்ணீர் வழி போட்டுக்கொண்டு இறங்கியது.

"அப்போ நான் சரியாத்தான் ஓட்டுனேனா?"

"சரியாத்தான் ஓட்டுனீங்க மாமா."

"கை நடுங்கலையே?"

"இல்ல மாமா."

"சரியாத்தான் ஓட்டுனேன்" என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு மனோஜ்குமாரிடம் சொன்னார். குப்பம்மாளின் மகளிடம், "கேட்டியா தாயி, நான் சரியாத்தான் ஓட்டிருக்கேன்" என்றார். கெஞ்சுவதுபோல இருந்தது. அந்தப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஷைலாவை ஒருவரும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும்.

செல்லப்பாண்டி நல்ல கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே காட்டினார்.

"குப்பம்மா உள்ள படுத்திருக்கா. காலுல போட்டிருக்கிற கட்டைப் பாத்து, மாமா ஏன் இப்பிடிப் பண்ணுனாருன்னு அனத்திக்கிட்டே கெடக்கா. நான் சொன்னா நம்ப மாட்டா. நீ போய்ச் சொல்லு. வெரசா போ தாயி. ஊசி போட்டுத் தூங்க வச்சிரப் போறாங்க."

பெண்கள் வார்டின் கதவு கனமாக இருந்தது. ஷைலா இரண்டு கையாலும் தள்ளினாள்.